எல்லாரும் நல்லாத்தானே பாடுறாங்க?

கேள்வி இதுதான்: "வாரக்கடைசியில் வீட்டில் எல்லாரும் சூப்பர் சிங்கர், சரிகமப என்று டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். நானும் உட்காருகிறேன். பாடுகிற எல்லாருமே எனக்கு நன்றாகப் பாடுவதாகத்தான் தெரிகிறது. ஆனால் நடுவர்கள் ஒரு பிள்ளைக்கு எழுந்து நின்று கைதட்டுகிறார்கள், அடுத்த பிள்ளையிடம் 'சரணத்துல சுருதி கொஞ்சம் இறங்கிடுச்சும்மா' என்கிறார்கள். என் மகளும் 'ஆமாப்பா, இறங்கிடுச்சு' என்கிறாள். எனக்கு மட்டும் ஒன்றும் கேட்பதில்லை. சங்கீதம் படிக்காத ஆள் இதை எப்படி ரசிப்பது?"

உங்கள் காதில் கோளாறு எதுவும் இல்லை. அவர்கள் எல்லாரும் நன்றாகத்தான் பாடுகிறார்கள். திரையில் நாம் பார்க்கிற பதினைந்து இருபது பேர், குரல்தேர்வில் வரிசையில் நின்ற ஆயிரக்கணக்கானவர்களைச் சலித்து எடுத்த மிச்சம். பாடத் தெரியாதவர் அந்த மேடை வரை வரவே முடியாது. ஆக, நடுவர்கள் தேடுவது நல்ல பாட்டுக்கும் இன்னும் கொஞ்சம் நல்ல பாட்டுக்கும் நடுவில் இருக்கிற நூலளவு வித்தியாசத்தை. அது எடுத்த எடுப்பில் யார் காதிலும் விழாது. உங்கள் மகளுக்கே நிஜமாகக் கேட்டதா, நடுவர் சொன்னபிறகு கேட்டதா என்று எனக்கொரு சந்தேகம் உண்டு. அவளிடம் சொல்லவேண்டாம்.

நான் சங்கீத வித்வான் இல்லை. திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் இருபத்தைந்து வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறவன். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, கல்லூரி விழா என்று பாடகர்களுக்கு இரண்டடி தள்ளி நின்றே காலம் போய்விட்டது. ஒருவர் எந்த இடத்தில் தடுமாறப் போகிறார் என்பது சில சமயம் அவரைவிட முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

இந்தப் போட்டிகளை ரசிக்கத் தேவையான முக்கியமான சரக்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பாட்டு உங்களுக்குத் தெரியும். சபாவில் போய் உட்கார்ந்து ஒரு கீர்த்தனையைக் கேட்டால், அது எப்படி இருக்க வேண்டும் என்று நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் இங்கே பாடப்படுவது நாற்பது வருஷமாக பஸ்ஸிலும் டீக்கடையிலும் ஓடி நம் மண்டைக்குள் குடியேறிவிட்ட பாட்டு. எஸ்.பி.பி. எந்த வார்த்தையில் லேசாகச் சிரிப்பார், ஜானகியம்மா எங்கே குரலைக் குழந்தைபோல் ஆக்குவார் என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. புதிதாக ஒருவர் அதைப் பாடும்போது, நமக்குள் ஓடுகிற பழைய குரலும் வெளியில் கேட்கிற புதுக்குரலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போகின்றன. எங்கே ஒட்டுகிறது, எங்கே விலகுகிறது என்று பார்ப்பதுதான் இந்த நிகழ்ச்சிகளின் ருசியே. யார் ஜெயித்தார் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

சரி, எங்கே காதை வைப்பது? என்னைக் கேட்டால் முதலில் கட்டையில் வைக்க வேண்டும். நடுவர்கள் அடிக்கடி சொல்லும் இந்தக் 'கட்டை', பாட்டு எந்த உயரத்தில் நிற்கிறது என்பதற்கான அளவு. ஆர்மோனியத்து வெள்ளைக் கட்டைகளை எண்ணி வைத்த பெயர். 'சி' ஒரு கட்டை, 'டி' இரண்டு, 'ஜி' ஐந்து. நடுவில் இருக்கும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை என்று போகும். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் மட்டும் கறுப்பு கிடையாது. அதனால் எங்கள் குழுவில் யாராவது வந்து பந்தாவாக "மூன்றரைக் கட்டையில வாசிங்க" என்று சொன்னால், ஆள் எப்படிப்பட்டவர் என்று அப்போதே புரிந்துவிடும். கச்சேரி பாடும் ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையிலும் பெண்கள் ஐந்து, ஐந்தரையிலும் நிற்பார்கள். சினிமாப் பாட்டில் அந்த வசதி இல்லை. இசையமைப்பாளர் ஒரு கட்டையை முடிவு செய்துவிடுவார். அது அன்றைக்குப் பாடிய அந்த ஒரு தொண்டைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. நாற்பது வருஷம் கழித்து வேறொரு பிள்ளை அதை மாட்டிக்கொண்டு மேடையேறுகிறது.

கரூரில் ஒரு ரிசப்ஷன். மாப்பிள்ளையின் சித்தப்பா, நல்ல குரல்வளம், ஊரில் பேர் வாங்கியவர். மேடைக்கு வந்து, "தம்பி, ஒரிஜினல் கட்டையிலயே வாசிங்க, குறைக்காதீங்க" என்றார். நான் அரைக் கட்டை இறக்கலாமா என்று கையால் சைகை காட்டினேன். மனிதர் கௌரவப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார். பல்லவி பிரமாதம். முதல் சரணத்தில் பாட்டு மெல்ல மேலே ஏற ஏற அவர் கழுத்து நரம்பும் ஏறியது. உச்சியில் போய் நிற்க வேண்டிய வார்த்தை வந்ததும், சட்டென்று மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிட்டார். ஜனங்கள் அவருக்குப் பதிலாகப் பாடிக் கைதட்டினார்கள். கீழே வந்ததும் அவரைத் தோளில் தட்டாதவர் இல்லை. டிவியில் இந்த வித்தைக்கு இடமில்லை. அங்கே அந்த வார்த்தையைப் பாடியே தீரவேண்டும்.

அதனால் ஒரு பாட்டைக் கேட்கும்போது அதில் மிகத் தாழ்ந்த இடம் எது, மிக உயர்ந்த இடம் எது என்று மட்டும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்த பாட்டுதானே, கஷ்டமில்லை. கட்டையை ஏற்றி எடுத்தவர்களுக்கு உச்சியில் குரல் இறுகும். இறக்கி எடுத்தவர்களுக்கு உச்சி சுகமாக வரும், ஆனால் பல்லவியின் கீழ்வரிகளில் குரல் இருக்காது, காற்றுதான் வரும். இரண்டு முனையிலும் குரல் குரலாகவே இருந்தால் அந்தப் பிள்ளைக்குத் தன் தொண்டையின் நீள அகலம் தெரியும் என்று அர்த்தம். நடுவர் சொன்னாரே, சுருதி இறங்கிவிட்டது என்று, அது நடப்பதும் பெரும்பாலும் இந்த உச்சியிலிருந்து திரும்பி வரும்போதுதான். மேலே நீட்டி நின்ற களைப்பில் குரல் ஒரு மயிரிழை கீழே உட்கார்ந்துவிடும். வாத்தியங்கள் உட்காராது. உங்களுக்கு 'சுருதி விலகியது' என்று தோன்றாது. ஆனால் சாம்பாரில் புளி ஒரு சொட்டு கூடினதுபோல் ஏதோ ஒன்று இருக்கும். சரணம் முடிந்து பல்லவியின் முதல் வார்த்தையைத் திரும்ப எடுக்கிற அந்த இடத்தைக் கவனியுங்கள். முதல்முறை பாடியபோது இருந்த தெளிவு இரண்டாம்முறையும் இருக்கிறதா? பத்துப் பாட்டு இப்படிக் கேட்டால் நடுவர் வாய் திறக்கும் முன்னால் நீங்களே சொல்வீர்கள்.

அடுத்தது மூச்சு. 1990-இல் வந்த 'கேளடி கண்மணி' படத்தில் இளையராஜா இசையில் எஸ்.பி.பி. பாடிய 'மண்ணில் இந்தக் காதலன்றி' பாட்டு இந்தப் போட்டிகளின் செல்லப்பிள்ளை. சரணம் மூச்சே விடாமல் பாடுவதுபோல் அமைந்தது என்பதால், ஒரு பையன் அதை எடுத்தாலே அரங்கம் நிமிர்ந்து உட்காரும். முடித்தானா இல்லையா என்பதில்தான் எல்லார் கவனமும். எனக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை. நான் கடைசி மூன்றில் ஒரு பங்கு வார்த்தைகளைத்தான் கேட்பேன். மூச்சு தீரத் தீர, வார்த்தைகள் பஸ் கூட்டத்தில் மாட்டியவர்கள்போல் ஒன்றையொன்று நெருக்க ஆரம்பிக்கும். 'ண்' போய் 'ன்' ஆகும், நெடில் குறிலாகும். கடைசி வார்த்தைக்கும் முதல் வார்த்தைக்குக் கிடைத்த அதே இடம் கிடைத்தால், அது பெரிய பாட்டு. நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு எடுத்திருந்தாலும் எனக்கு அது பெரிய பாட்டுதான்.

என் அம்மாவுக்கு ச ரி க ம கூடத் தெரியாது. டிவி பக்கம் திரும்பாமல், முறத்தில் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டே கேட்பார். ஒருநாள் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். "இந்தப் பொண்ணு மூச்சை எங்கயோ ஒளிச்சு வச்சிருக்குடா, எடுக்குறதே தெரியல" என்றார். அதே நிமிஷம் நடுவர் மைக்கை எடுத்து ஏறக்குறைய அதையேதான் இங்கிலீஷ் கலந்து சொன்னார். அம்மா கேட்ட விதம்தான் சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். முகம், உடை, விளக்கு வெளிச்சம், பின்னால் எரியும் பட்டாசு எதுவும் அவர் காதுக்குக் குறுக்கே வரவில்லை. நீங்களும் ஒரு பாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். வீட்டில் சிரிப்பார்கள். பரவாயில்லை.

உச்சரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழ் தெரிந்த எவருக்கும் ழகரம் வழுக்கினால் உறுத்தும். ஒன்று மட்டும்: வார்த்தை சுத்தமாக இருப்பதும் வார்த்தையின் அர்த்தம் தெரிந்து பாடுவதும் வேறு வேறு. வேற்றுமொழிப் பிள்ளைகள் பலர் முதலாவதைப் பயிற்சியில் பிடித்துவிடுகிறார்கள். இரண்டாவது, தமிழ்ப் பிள்ளைகளிலேயே பாதிப் பேருக்கு வருவதில்லை.

சங்கதி என்று நடுவர்கள் சொல்வது ஒரே வரியை வேறு வேறு நெளிவுகளோடு பாடுவதை. இதைக் காதில் பிடிக்க ராகம் தெரியவேண்டியதில்லை, ஒரு ஜோடிப் பாட்டு போதும். 1977-இல் 'கவிக்குயில்' படத்தில் பாலமுரளி கிருஷ்ணா பாடிய 'சின்னக்கண்ணன் அழைக்கிறான்', 2008-இல் 'சுப்ரமணியபுரம்' படத்தில் ஜேம்ஸ் வசந்தன் இசையில் வந்த 'கண்கள் இரண்டால்'. இரண்டுக்கும் ஒரே ராகம்தான், ரீதிகௌளை. அடுத்தடுத்துக் கேளுங்கள். முதல் பாட்டில் குரல் ஒவ்வொரு சுரத்தையும் தடவிக்கொடுத்துவிட்டுப் போகும். இரண்டாவதில் அதே வழியில் எளிமையாக நடந்து போகும். போட்டியில் கர்நாடக சங்கீதம் படித்த பிள்ளைகள் இரண்டாவது வகைப் பாட்டை எடுத்து முதல் வகையில் பாடிவிடுவார்கள். பிருகா என்கிற வேகமான குரல் நெளிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக உதிரும். கைதட்டல் காதைப் பிளக்கும். எனக்கு அது பாயசம் முழுக்க முந்திரியாகப் போட்டதுபோல்தான். இதில் நடுவர்களோடு எனக்குப் பல வருஷத் தகராறு உண்டு. அவர்களுக்கு அது தெரியாது என்பதுதான் வசதி.

இதற்கு நேர் எதிரான ஓர் உதாரணம் 2018-இல் கிடைத்தது. விஜய் டிவியில் சூப்பர் சிங்கர் 2006-இல் தொடங்கியதிலிருந்து நாட்டுப்புறப் பாட்டு என்பது ஒரு வாரத்துச் சுற்று. வேட்டி கட்டி, பறை வைத்து, ஒருநாள் பாடிவிட்டு மறுவாரம் மெலடிக்குப் போய்விடுவார்கள். ஆறாவது சீசனில் புதுக்கோட்டைப் பக்கத்து செந்தில் கணேஷும் அவர் மனைவி ராஜலட்சுமியும் நாட்டுப்புறப் பாட்டையே தங்கள் அடையாளமாகக் கொண்டு வந்து நின்றார்கள். கடைசியில் பட்டத்தை செந்தில் கணேஷ் வாங்கினார். அன்று வாதம் பெரிதாக இருந்தது, இவரால் எல்லா வகைப் பாட்டும் பாட முடியுமா என்று. நான் திருவிழா மேடைகளில் நின்றவன், கிராமத்துப் பாடகரின் குரல் எப்படிப்பட்டதென்று தெரியும். மைக் வேலைசெய்யாவிட்டாலும் பொட்டலில் கடைசி வரிசைக்குப் போய்ச் சேருகிற குரல் அது. சுருதிப்பெட்டிக்கு முன்னால் பதமாக வளர்ந்த குரலையும் அதையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் யாராவது ஒருவர் நிறுத்துத்தானே ஆகவேண்டும். அந்தச் சங்கடத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பின்னால் அந்தத் தம்பதி 'சின்ன மச்சான்' பாட்டைப் பாடி, தமிழ்நாட்டில் அது ஒலிக்காத கல்யாண மண்டபமே இல்லை என்றானது. எங்கள் குழுவில் அதை எத்தனை தடவை வாசித்தோம் என்ற கணக்கே இல்லை.

குழந்தைகள் பாடும் ஜூனியர் போட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், அங்கே நாம் கேட்பது கொஞ்ச நாளில் காணாமல் போகப்போகிற ஒரு பொருளை. ஆண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு பதினான்கு வயதில் குரல் உடையும். குரல்வளை வளர்ந்து குரல் நாண்கள் நீண்டு தடித்துவிடுவதால், குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு 'ச'விலிருந்து அடுத்த 'ச' வரையுள்ள தூரம், கீழே இறங்கிவிடும். பெண் பிள்ளைகளுக்கும் மாறும், ஆனால் கொஞ்சம்தான். அதனால் பத்து வயதுப் பையன் ஒருவன் ஐந்தரைக் கட்டையில் மணி அடித்ததுபோல் மேலே போய் நிற்கிறான் என்றால், இன்னும் இரண்டு வருஷத்தில் அந்தக் குரல் உலகத்திலேயே இருக்காது. அவனே நினைத்தாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

எங்கள் குழுவில் அப்படி ஒருவன் இருந்தான். பங்குனித் திருவிழாவில் அவன் பாட ஆரம்பித்தால் பலூன்காரர்கூட கத்துவதை நிறுத்திவிடுவார். அடுத்த வருஷம் அதே ஊர், அதே மேடை. முதல் வரி சரியாக வந்தது. இரண்டாவது வரியில் குரல் இரண்டாகப் பிளந்தது, பாதி குழந்தை, பாதி ஆம்பளை. கூட்டத்தில் சில பயல்கள் சிரித்தார்கள். அவன் நிறுத்தவில்லை. நான் விரல்களால் அவசரமாகக் கட்டையை இறக்கி அவனுக்கு இடம் கொடுத்தேன். தட்டுத்தடுமாறி முடித்துவிட்டு வந்து எனக்குப் பின்னால் ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டான். அடுத்த இரண்டு வருஷம் பாடவில்லை, ரிதம் பேட் வாசித்தான். அப்புறம் ஒருநாள் ஒத்திகையில் அவனாகவே "அண்ணே, ரெண்டு கட்டையில ஒண்ணு போடுங்க" என்றான். வந்தது வேறொரு ஆளின் குரல். நல்ல குரல்தான். ஆனால் பழைய குரலை எங்களிடம் யாரும் ஒலிப்பதிவு செய்து வைக்கவில்லை. டிவியில் பாடும் பிள்ளைகளுக்கு அந்தப் பாக்கியம் உண்டு. தோற்றுப்போனாலும் அந்தப் பத்து வயதுக் குரல் பத்திரமாக இருக்கும்.

இந்தக் காரணத்தாலேயே, சின்னப் பிள்ளைகளை அழவைத்து அதை நிதான வேகத்தில் ஓட்டி, பின்னால் சோகமாகப் புல்லாங்குழல் விடும்போது நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். பாட்டு வரும்போது திரும்பி வந்தால் போதும். ஒன்றும் நஷ்டமில்லை.

தீர்ப்பு சரியா தப்பா என்று வீட்டில் சண்டை வருமே, அது இன்று நேற்றைய கதை இல்லை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 'இசைவாது வென்ற படலம்' என்று ஒன்று உண்டு. பாண்டியன் அவைப் பாடகரான பாணபத்திரரின் மனைவிக்கும் ஈழத்திலிருந்து வந்த ஒரு பாடினிக்கும் மதுரையில் பாட்டுப்போட்டி. அரசன் தன் ஆசைநாயகியின் பேச்சைக் கேட்டு ஈழத்துப் பாடினியின் பக்கம் சாய்ந்துவிட்டான். அரசன் முகத்தைப் பார்த்து அவையிலிருந்த மற்றவர்களும் அதையே சொன்னார்கள். கடைசியில் சோமசுந்தரர் சந்நிதியில் பாடவைத்தபோதுதான் தீர்ப்பு நேரானது, பாணபத்திரரின் மனைவி ஜெயித்தார். வெளியூர்ப் போட்டியாளர், சாய்ந்த நடுவர், ஆமாம் போடும் கூட்டம், நேர்மையான இறுதிச்சுற்று என்று எல்லாமே அதில் இருக்கிறது, ஓட்டு மட்டும்தான் இல்லை. அதே புராணத்தில் மதுரைக்கு வாதுக்கு வந்த பாடகன் ஏமநாதனைத் துரத்த விறகு விற்பவராக வந்து சொக்கநாதரே பாடினாரே, அதைவிடப் பெரிய வைல்டு கார்டு என்ட்ரி இனிமேல் யாரும் கொடுக்க முடியாது.

ஓட்டு என்றால் பாட்டோடு பாசமும் எண்ணப்படும். அந்தப் பிள்ளையின் ஊர், கஷ்டம், அடக்கம் எல்லாம் சேர்ந்துதான் விரல் பட்டனை அழுத்துகிறது. அது தப்பென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த முடிவை வைத்துப் பாட்டை எடை போடாதீர்கள். 2016-இல் சூப்பர் சிங்கர் ஐந்தாவது சீசன் பட்டம் வாங்கிய ஆனந்த் அரவிந்தாக்‌ஷன் ஏற்கெனவே சினிமாவில் பாடியவர் என்று பெரிய சர்ச்சை கிளம்பியது. போட்டி யாருக்காக என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தச் சத்தத்தில் அவர் எப்படிப் பாடினார் என்று பேசியவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை.

பட்டத்துக்கும் பிற்கால வாழ்க்கைக்கும் உள்ள உறவும் கொஞ்சம் விசித்திரமானது. 2011-இல் முடிந்த மூன்றாவது சீசனில் பட்டம் சாய் சரணுக்குப் போனது. அதே சீசனில் பட்டம் கிடைக்காத சத்யபிரகாஷ், பூஜா இருவர் குரலையும் 2017-இல் 'மெர்சல்' படத்தின் 'ஆளப்போறான் தமிழன்' பாட்டில், கைலாஷ் கேர், தீபக் குரல்களோடு சேர்த்துத் தமிழ்நாடே கேட்டது. 2012 ஜூனியரில் இரண்டாமிடம் வந்த, அமெரிக்காவில் வளர்ந்த பிரகதி, மறுவருஷமே 'பரதேசி' படத்தில் பாடினார். இதற்கு நான் நினைக்கும் காரணம் இது. போட்டியில் ஜெயிக்க வேண்டுமென்றால் பிறர் பாடிய பாட்டைப் பிசகாமல் பாடத் தெரியவேண்டும். ஒரு வாரம் எஸ்.பி.பி., ஒரு வாரம் யேசுதாஸ், ஒரு வாரம் ஹரிஹரன் என்று மாறிமாறிப் பாடிப் பாடி, யாருடைய சாயல் வேண்டுமானாலும் வரும் குரலாக அது தேறிவிடுகிறது. இசையமைப்பாளர் தேடுவதோ, இதுவரை கேட்காத குரலை. 'அப்படியே எஸ்.பி.பி. மாதிரியே இருக்கு' என்பது போட்டியில் பாராட்டு, ரெக்கார்டிங்கில் அதுவே தடை. ஆகவே, நமக்குள் ஓடும் பழைய குரலும் புதுக்குரலும் விலகுகிற இடத்தைப் பார்க்கச் சொன்னேனே, அதைத் தப்பு என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். சில சமயம் அந்த விலகலில்தான் அந்தப் பிள்ளையின் சொந்தக் குரல் முதல்முறையாக எட்டிப்பார்க்கும். சூப்பர் சிங்கர் பிள்ளைகளுக்கு அனந்த் வைத்தியநாதன் குரல் பயிற்சி கொடுத்த அந்த நாட்களில் நான் விரும்பிப் பார்த்தது, மேடைப் பாட்டைவிட, பயிற்சியில் ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் பாடவைக்கும் துண்டுக் காட்சிகளைத்தான்.

கடல்தாண்டி வரும் பிள்ளைகள் பாடும்போது பாட்டு வேறு பொருள் கொள்வதுண்டு. நான்காவது ஜூனியர் சீசனின் இறுதிச்சுற்று, 2015. கனடாவிலிருந்து வந்த ஈழத்துக் குடும்பத்துப் பெண் ஜெசிகா, 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தின் 'விடை கொடு எங்கள் நாடே' பாட்டை எடுத்தார். நாட்டைவிட்டுப் படகேறுகிறவர்களின் பாட்டு அது. அவ்வளவு வருஷம் அதை ஒரு நல்ல சினிமாப் பாட்டாக மட்டும் கேட்டிருந்த எனக்கு, அன்று அந்தக் குரலில் அது கடிதம்போல் இருந்தது. இரண்டாம் பரிசாகக் கிடைத்த ஒரு கிலோ தங்கத்தைத் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் உள்ள ஆதரவற்ற பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக மேடையிலேயே அறிவித்தார்கள். பின்னால் 2023-இல் ஜீ தமிழின் சரிகமப லிட்டில் சாம்ப்ஸில் யாழ்ப்பாணத்துக் கில்மிஷா பட்டம் வாங்கினார். அதே சீசனில் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பகுதியிலிருந்து அசானியும் வந்திருந்தார். சென்னையில் பாடும் பிள்ளைக்கு இப்போது யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் டிவி முன்னால் கூட்டம். புராணத்தில் ஈழத்துப் பாடினி மதுரைக்கு வந்தது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

கடைசியாக ஒரு தொழில் ரகசியம். வாராவாரம் நாம் பார்ப்பது முன்பே படம்பிடித்து, வெட்டி ஒட்டி, ஒலியைக் கழுவித் துடைத்து அனுப்பியது. குரலில் எதிரொலி கூட்டுவார்கள், கரடுமுரடைச் சீராக்குவார்கள். எல்லாத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கும் உள்ளதுதான், குற்றமாகச் சொல்லவில்லை. உங்களுக்கு எல்லாரும் ஒரேமாதிரி நன்றாகப் பாடுவதாகத் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் இறுதிச்சுற்றை நேரலையாகப் போட்டால் தவறவிடாதீர்கள். ஆயிரக்கணக்கான பேர் முன்னால், எதிரில் சித்ராவோ மனோவோ உட்கார்ந்திருக்க, அந்தப் பிள்ளை வந்து நிற்கும். மைக் பிடித்த கையைப் பாருங்கள், லேசாக நடுங்கும். முதல் வரியில் அந்த நடுக்கம் குரலிலும் இருக்கும். இரண்டாவது வரியிலும் இருக்கிறதா என்று கேளுங்கள்.